திரும்பி வரும் மின்னஞ்சல்: பழுது யார் பக்கம்?

2018 செப்டம்பர் 24, திங்கட்கிழமை. ஜோஹோ மெயிலை நம்பியிருந்த ஏராளமான அலுவலகங்களில் அன்று மின்னஞ்சல் நின்றுபோனது. ஜோஹோவின் சர்வர்கள் கெடவில்லை. ஜோஹோ.காம் என்ற பெயரைப் பதிவு செய்து வைத்திருந்த டியராநெட் என்ற அமெரிக்க நிறுவனம், ஃபிஷிங் புகார்கள் வந்ததாகச் சொல்லி அந்தப் பெயரையே முடக்கிவிட்டது. இரண்டு மாதங்களில் வந்தவை மூன்றே புகார்கள், இரண்டின் மேல் நடவடிக்கை எடுத்தாயிற்று, மூன்றாவது விசாரணையில் இருக்கிறது என்று ஜோஹோவின் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் முறையிட வேண்டி வந்தது. சில மணி நேரத்தில் தடை நீங்கியது. ஆனால் முடக்கப்பட்ட தகவலைத் தற்காலிகமாகச் சேமித்து வைத்திருந்த சர்வர்கள் உலகெங்கும் இருந்ததால், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சேவை திரும்பவில்லை.

கூடுவாஞ்சேரி அருகே ஜோஹோவின் வளாகம் இருக்கும் பகுதி அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019 நவம்பர் 29இல்தான். காஞ்சிபுரம் மாவட்டத்தின் மேற்குக் கோடியில், சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி, பெரிய ஏரியோடு இருக்கிறது தாமல் என்ற ஊர். தறியையும் கோயிலையும் சார்ந்த இந்த வட்டாரத்தில் சேலை வியாபாரம் செய்பவர் வாட்ஸப்பில் படம் காட்டலாம், விலை பேசலாம். ஆனால் இன்வாய்ஸும் ஏற்றுமதிக் கடிதங்களும் வங்கிக்கான பதிலும் மின்னஞ்சலில் போக வேண்டியிருக்கிறது. அப்படிப் போன மெயில் புரியாத ஆங்கில வரிகளோடு திரும்பி வந்தால், ‘அவர்கள் சர்வரில் ஏதோ கோளாறு’ என்று நினைப்பது இயல்பு. பல சமயம் கோளாறு அங்கே இருப்பதில்லை. அனுப்பியவரின் டொமைனுக்கான டிஎன்எஸ் பதிவுகளில் இருக்கிறது.

இந்தப் பழி எப்படி அனுப்புபவர் பக்கம் வந்து சேர்ந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

மின்னஞ்சலை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் எஸ்எம்டிபி நெறிமுறையை ஜான் போஸ்டல் 1982இல் ஆர்எஃப்சி 821 என்ற ஆவணமாக வெளியிட்டார். அப்போது இணையம் சில நூறு கணினிகள் கொண்ட ஆய்வாளர் வட்டம். அனுப்புபவர் தன் பெயர் இன்னது என்று சொன்னால் பெறுபவர் நம்பினார். சரிபார்க்கும் ஏற்பாடே அதில் இல்லை. அடுத்த ஆண்டு பால் மோக்கபெட்ரிஸ், பெயரைச் சொன்னால் எண்ணைத் தரும் டிஎன்எஸ் முறையை வடிவமைத்தார். ஒரு டொமைனுக்கான கடிதங்களை எந்தச் சர்வர் வாங்கிக்கொள்ளும் என்று அறிவிக்கும் எம்எக்ஸ் பதிவை 1986இல் கிரெய்க் பார்ட்ரிட்ஜ் வரையறுத்தார். இந்தக் காலம் முழுவதும் மின்னஞ்சலுக்கும் டிஎன்எஸ்ஸுக்கும் இருந்த தொடர்பு ஒன்றே ஒன்று: கடிதத்தை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது? பெறுபவரின் பதிவை மட்டும் பார்த்தால் போதும். அனுப்புபவரின் டிஎன்எஸ் எப்படிக் கிடந்தாலும் கடிதம் போய்ச் சேர்ந்தது.

ஸ்பேம் பெருகியபோது அந்த நம்பிக்கை உடைந்தது. 1997இல் பால் விக்ஸி, ஸ்பேம் அனுப்பும் ஐபி முகவரிகளின் கறுப்புப் பட்டியலை டிஎன்எஸ் வழியாகவே யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி செய்தார். அடுத்த ஆண்டு ஸ்டீவ் லின்ஃபோர்டு, இதே போன்ற பட்டியல்களை நடத்தும் ஸ்பாம்ஹாஸைத் தொடங்கினார். இந்த டொமைன் பெயரில் கடிதம் அனுப்ப எந்தெந்தச் சர்வர்களுக்கு அனுமதி என்று உரிமையாளரே அறிவிக்கும் எஸ்பிஎஃப் 2006இல் ஆர்எஃப்சி ஆனது. யாகூவும் சிஸ்கோவும் தனித்தனியே உருவாக்கிய முறைகள் இணைந்து, கடிதத்தில் மறையீட்டு முத்திரை இடும் டிகிம் 2007இல் வந்தது. இவ்விரண்டு சோதனைகளிலும் தேறாத கடிதத்தை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் டிமார்க் 2012இல் அறிமுகமாகி 2015இல் ஆர்எஃப்சி 7489 என்று பதிவானது. மூன்றும் குடியிருப்பது அனுப்புபவரின் டிஎன்எஸ்ஸில், டிஎக்ஸ்டி என்ற எளிய எழுத்துப் பதிவுகளாக.

வெகு காலம் இவை இருந்தால் நல்லது என்ற அளவில் இருந்தன. கட்டாயம் வந்தது அண்மையில்தான். கூகுளும் யாகூவும் 2023 அக்டோபரில் அறிவித்து, 2024 பிப்ரவரியிலிருந்து விதிகளை இறுக்கின. ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரே நாளில் 5000 கடிதங்களுக்கு மேல் அனுப்புவோருக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் கட்டாயம். பத்துக் கடிதம் அனுப்புபவருக்கும் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது வேண்டும், சர்வரின் ஐபி முகவரிக்கு, எண்ணைக் கேட்டால் பெயரைச் சொல்லும் பிடிஆர் பதிவும் வேண்டும். அவுட்லுக், ஹாட்மெயில் முகவரிகளுக்குப் பெருமளவில் அனுப்புவோருக்கு மைக்ரோசாஃப்ட் இதே போன்ற விதியை 2025 மே 5 முதல் கொண்டுவந்தது. இந்த விதிகள் நியாயமானவை. வங்கி பெயரில் வரும் போலி மெயிலில் பணத்தைப் பறிகொடுத்தவர்களை நினைத்தால், இன்னும் முன்பே வந்திருக்க வேண்டியவை. ஆனால் இவற்றின் சுமை, தனியாகக் கணினிப் பிரிவு வைத்துக்கொள்ள முடியாத சிறு வியாபாரியின் தலையில்தான் அதிகம் விழுகிறது. பல ஆண்டுகளாகத் தொடாமல் விட்டிருந்த அமைப்பு, அதில் எதையும் மாற்றாமலேயே, திடீரென்று கடிதங்களைத் திருப்பத் தொடங்கியது இதனால்தான்.

திரும்பி வந்த மெயிலைப் படிக்காமல் அழித்துவிட்டு மறுபடி மறுபடி அனுப்புவதுதான் எங்கும் நடக்கும் தவறு. அந்த அறிவிப்பிலேயே நோய்க்குறிப்பு இருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது மூன்று இலக்க எண். 4இல் தொடங்கினால் தற்காலிகத் தடை. அனுப்பும் சர்வர் கடிதத்தை வரிசையில் வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் முயலும். கைவிடுவதற்கு முன் குறைந்தது நான்கைந்து நாள் முயல வேண்டும் என்பது எஸ்எம்டிபி நெறிமுறையின் அறிவுரை. 5இல் தொடங்கினால் முடிவான மறுப்பு. எத்தனை முறை அனுப்பினாலும் பதில் மாறாது.

அடுத்து வருவது புள்ளி வைத்த எண். 5.1.1 என்றால் அப்படி ஒரு பெறுநரே இல்லை, 5.2.2 என்றால் அவர் பெட்டி நிரம்பிவிட்டது. இவ்விரண்டுக்கும் அனுப்பியவரின் டிஎன்எஸ்ஸுக்கும் சம்பந்தமில்லை. 5.7 என்று தொடங்கும் எண்கள்தான் இங்கே விஷயம். எஸ்பிஎஃப் தோல்விக்கு 5.7.23, பிடிஆர் கோளாறுக்கு 5.7.25, ஒன்றுக்கு மேற்பட்ட அடையாளச் சோதனைகளில் தோற்றால் 5.7.26 என்று 2014இல் ஆர்எஃப்சி 7372 எண்களைப் பிரித்துக் கொடுத்தது. ஜிமெயில் இன்று திருப்பி அனுப்பும் கடிதங்களில் 5.7.26ஐ அடிக்கடி பார்க்கலாம். மைக்ரோசாஃப்ட்டின் 2025ஆம் ஆண்டு விதியில் தேறாத கடிதம் 5.7.515 என்ற எண்ணோடு திரும்புகிறது. எண்ணுக்குப் பக்கத்தில் மறுத்த சர்வரின் பெயரும், அதன் கண்ணுக்குத் தெரிந்த அனுப்புநர் ஐபி முகவரியும் பெரும்பாலும் இருக்கும். அந்த ஐபி முகவரியைத் தனியே குறித்துக்கொள்ள வேண்டும். தன் கடிதம் உண்மையில் எந்தச் சர்வரிலிருந்து வெளியே போகிறது என்று தெரியாமல் எஸ்பிஎஃப் எழுதுவோர் மிக அதிகம்.

எஸ்பிஎஃப் தவறுகளில்தான் அதிக நேரம் செலவாகிறது என்பதால் அங்கே சற்று நிற்கலாம்.

பட்டுக் கடை ஒன்றின் வழக்கமான அமைப்பை எடுத்துக்கொள்வோம். டொமைன் ஓரிடத்தில் வாங்கியது. வெப்சைட் இன்னொருவரின் ஹோஸ்டிங்கில். மெயில், ஜோஹோவிலோ கூகுளிலோ. பில் போடும் மென்பொருள் தானாகவே வாடிக்கையாளருக்கு இன்வாய்ஸ் அனுப்புகிறது. பண்டிகைக் காலத் தள்ளுபடிச் செய்தியை மொத்தமாக அனுப்ப இன்னொரு சேவை. ஒரே டொமைன் பெயரில் நான்கு வெவ்வேறு இடங்களிலிருந்து கடிதம் புறப்படுகிறது. எஸ்பிஎஃப் பதிவில் மெயில் நிறுவனம் மட்டும் இருந்தால், கைப்பட எழுதும் கடிதம் போய்ச் சேரும், பில் மென்பொருள் அனுப்பும் இன்வாய்ஸ் திரும்பும். ‘சில மெயில் போகுது, சில மெயில் போகல’ என்று வரும் புகாரின் பின்னால் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும்.

இதைச் சரிசெய்யப் புகும் இடத்தில் அடுத்த தவறு நேர்கிறது. புதிய சேவையின் உதவிப் பக்கம் ‘இந்த எஸ்பிஎஃப் பதிவைச் சேருங்கள்’ என்று சொல்லும். பழைய பதிவு இருப்பதைக் கவனிக்காமல் அதன் கீழே இரண்டாவதாக ஒன்றை எழுதிவிடுவார்கள். ஒரு டொமைனுக்கு ஓர் எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் எது சரி என்று பெறும் சர்வர் ஆராய்ந்துகொண்டிருக்காது, இரண்டையுமே செல்லாததாக்கி நிரந்தரப் பிழை என்று தீர்ப்பெழுதும். ஒரே நிலத்துக்கு இரண்டு பட்டா காட்டினால் வங்கி எதை வைத்தும் கடன் தராததைப் போலத்தான். புதிய சேவையின் பெயரைப் பழைய வரிக்குள்ளேயே சேர்த்து ஒரே பதிவாக்க வேண்டும்.

அப்படிச் சேர்த்துக்கொண்டே போவதற்கும் எல்லை உண்டு. எஸ்பிஎஃப்பைச் சரிபார்க்கும்போது பத்துக்கு மேல் டிஎன்எஸ் தேடல்கள் ஆகக் கூடாது என்பது விதி. ‘இன்க்ளூட்’ என்று சேர்க்கும் ஒவ்வொரு நிறுவனமும் தனக்குள் இன்னும் இரண்டு மூன்று இன்க்ளூட் வைத்திருக்கும். நான்கைந்து சேவைகளைச் சேர்த்ததுமே பத்தைத் தாண்டிவிடலாம். தாண்டினால் முழுப் பதிவும் தோல்வி. பயன்படுத்தாத பழைய ஹோஸ்டிங்கின் பெயரை நீக்குவதுதான் இதற்கு நல்ல மருந்து. அது பாதுகாப்புக்கும் நல்லது: அந்தப் பழைய சர்வரில் இன்று குடியிருக்கும் வேறு யாரோ கடையின் பெயரில் கடிதம் அனுப்ப, கடைக்காரரே எழுதிக் கொடுத்த அனுமதி அது.

டிகிம்மில் பிழை வேறு விதமானது. அதன் பொதுத் திறவுகோல் நீளமான எழுத்து வரிசை. டிஎக்ஸ்டி பதிவில் ஒரு சரம் 255 எழுத்தைத் தாண்ட முடியாது என்பதால் 2048 பிட் திறவுகோலைத் துண்டாகப் பிரித்து எழுத வேண்டும். டிஎன்எஸ் பதிவுகளை எழுதும் சில கட்டுப்பாட்டுப் பலகைகள் தாமாகப் பிரிக்கும். சிலவற்றில் பாதியிலேயே வெட்டுப்பட்டு நிற்கும். பதிவின் பெயரை எழுதும் கட்டத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது. டொமைன் பெயரைப் பலகையே தானாகச் சேர்த்துக்கொள்ளும் என்று தெரியாமல் முழுப் பெயரையும் எழுதினால், பதிவின் கடைசியில் பட்டுக்கடை.காம்.பட்டுக்கடை.காம் என்று இரட்டிப்பாகிவிடும். கண்ணால் பார்த்தால் எல்லாம் சரியாகத் தோன்றும். வெளியிலிருந்து கேட்பவருக்கு அந்தப் பெயரில் எதுவும் இருக்காது. சொந்தமாகப் பெயர் சர்வர் நடத்துபவர்கள் ஸோன் கோப்பில் கடைசிப் புள்ளியை விட்டுவிடும்போது நேர்வதும் இதுவே.

பிடிஆர் பதிவு பலருக்குப் பிடிபடாத ஒன்று. மற்ற எல்லாப் பதிவுகளையும் டொமைன் வைத்திருப்பவர் எழுதலாம். பிடிஆரை மட்டும் ஐபி முகவரியின் சொந்தக்காரர்தான், அதாவது இணைய இணைப்பு அல்லது கிளவுட் சர்வர் தந்த நிறுவனம்தான், எழுத முடியும். எண்ணைக் கேட்டால் பெயரைச் சொல்வது பிடிஆர். அந்தப் பெயரைத் திருப்பிக் கேட்டால் அதே எண் வர வேண்டும். சர்வர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் ஹலோ பெயரும் அதோடு பொருந்துவது நல்லது. அலுவலகத்தின் ஒரு மூலையில் சொந்த மெயில் சர்வர் வைத்து, சாதாரண பிராட்பேண்ட் இணைப்பில் நேரடியாக அனுப்பப் பார்ப்பவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். மாறிக்கொண்டே இருக்கும் ஐபி முகவரிகளை ஸ்பாம்ஹாஸின் பிபிஎல் பட்டியல் மொத்தமாகவே வைத்திருக்கிறது. அமேசான், கூகுள், மைக்ரோசாஃப்ட் கிளவுட்களிலும் கடிதம் வெளியே போகும் 25ஆம் போர்ட் வழக்கமாக அடைத்தே இருக்கும். சிறு நிறுவனம் சொந்த மெயில் சர்வர் நடத்துவதை இன்று யாரும் பரிந்துரைக்க முடியாது. வைத்தே ஆக வேண்டும் என்றால், ஏற்கெனவே நற்பெயருள்ள ரிலே சேவை வழியாக அனுப்புவதே வழி.

ஐபிவி6 இதில் இன்னொரு வம்பைச் சேர்த்தது. சர்வருக்குப் புதிதாக ஐபிவி6 முகவரி கிடைத்ததும், உரிமையாளர் அறியாமலேயே அது ஜிமெயிலோடு அந்த வழியில் பேசத் தொடங்கும். எஸ்பிஎஃப்பில் இருப்பதும் பிடிஆர் இருப்பதும் பழைய ஐபிவி4 எண்ணுக்கு மட்டும். எதையும் தொடாத நிலையில் ஜிமெயிலுக்குப் போகும் கடிதங்கள் மட்டும் திரும்பினால், அறிவிப்பில் இருக்கும் ஐபி முகவரியில் முக்காற்புள்ளிகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அந்த முகவரிக்கும் பதிவுகள் எழுத வேண்டும், அல்லது மெயில் சர்வரை ஐபிவி4இல் மட்டும் அனுப்பும்படி கட்டுப்படுத்த வேண்டும்.

வெளியூருக்கெல்லாம் போகும் கடிதம் சொந்தக் கடைக்கே வராத விசித்திரமும் உண்டு. மெயிலைப் பழைய ஹோஸ்டிங்கிலிருந்து ஜோஹோவுக்கோ கூகுளுக்கோ மாற்றியிருப்பார்கள், எம்எக்ஸ் பதிவும் சரியாக இருக்கும். ஆனால் வெப்சைட் இருக்கும், சிபேனல் என்ற கட்டுப்பாட்டுப் பலகை கொண்ட சர்வர், இந்த டொமைனின் பெட்டிகள் இன்னும் தன்னிடமே இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும். வெப்சைட் படிவத்தில் ஒரு வாடிக்கையாளர் ஆர்டர் எழுதினால், அந்தச் சர்வர் டிஎன்எஸ்ஸைக் கேட்காமல் தன் வீட்டுக்குள்ளேயே தேடி, ‘அப்படி யாரும் இங்கே இல்லை’ என்று திருப்பிவிடும். அதே சர்வரில் வெப்சைட் வைத்திருக்கும் பக்கத்துக் கடைக்காரர் அனுப்பும் மெயிலும் திரும்பும். சிபேனலில் மெயில் ரூட்டிங்கை ‘லோக்கல்’ என்பதிலிருந்து ‘ரிமோட்’ என்று மாற்றினால் தீரும் பிரச்சினை இது. எம்எக்ஸ் பதிவை எத்தனை முறை சரிபார்த்தாலும் இது கண்ணில் படாது என்பதால் நாள் கணக்கில் அலைய வைக்கும்.

எல்லாப் பழியும் அனுப்புபவருடையது அல்ல. ஓஆர்டிபி என்ற கறுப்புப் பட்டியல் சேவை 2006 டிசம்பரில் மூடப்பட்டது. மூடிய பின்னும் ஏராளமான சர்வர்கள் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தன. 2008 மார்ச்சில் அது, கேட்ட ஒவ்வொரு முகவரியையும் ‘பட்டியலில் உண்டு’ என்று சொல்லத் தொடங்கியது. அதை நம்பிய சர்வர்கள், யார் கடிதம் அனுப்பினாலும் திருப்பிவிட்டன. இன்றும் இதற்கு ஒரு வடிவம் இருக்கிறது. கூகுளின் 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ் வழியாகக் கேட்பவர்களுக்கு ஸ்பாம்ஹாஸ் பதில் தருவதில்லை, 127.255.255.254 என்ற பிழைக் குறியைத்தான் தருகிறது. தவறாக அமைக்கப்பட்ட சர்வர், பதில் வந்ததாலேயே அனுப்புநர் கறுப்புப் பட்டியலில் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். ஸ்பாம்ஹாஸின் தளத்தில் தன் ஐபி முகவரியைத் தேடி, அங்கே இல்லை என்று உறுதிசெய்துகொண்டவர், பெறுபவரின் நிர்வாகிக்கு இதைத் தொலைபேசியில் சொல்வதைத் தவிர வழியில்லை.

பெரிய நிறுவனங்களும் தவறுவதுண்டு. 2020 டிசம்பர் 15இல் ஜிமெயில், இருக்கும் முகவரிகளையே ‘இல்லை’ என்று 5.1.1 எண்ணோடு திருப்பியது. உள் அமைப்பு மாற்றம் ஒன்றில், ஜிமெயில்.காம் என்று வர வேண்டிய இடத்தில் செல்லாத டொமைன் பெயர் புகுந்ததே காரணம் என்று கூகுள் பின்னர் விளக்கியது. 5.1.1 வந்தால் அந்த முகவரியைப் பட்டியலிலிருந்து தானாகவே நீக்கும்படி மொத்த மெயில் சேவைகள் அமைக்கப்பட்டிருப்பதால், இப்படி ஒரு நாளின் கோளாறு நல்ல வாடிக்கையாளர் முகவரிகளையும் துடைத்துவிடக்கூடும். 2014 ஏப்ரலில் யாகூ தன் டிமார்க் கொள்கையை ‘நிராகரி’ என்று மாற்றியபோதும் அனுப்பியவர்கள் மேல் தவறில்லை. யாகூ முகவரியிலிருந்து குழுக்களுக்கு எழுதிய கடிதங்கள், குழுவின் சர்வர் வழியாக மறுபடி புறப்பட்டதால் சோதனையில் தோற்றன. உறுப்பினர்களின் பெட்டிகள் அவற்றை ஏற்கவில்லை.

அனுப்பாத கடிதம் திரும்பி வருவது இன்னொரு வகை. கடையின் முகவரியைப் போலியாகப் போட்டு எவரோ அனுப்பிய ஸ்பேம், மறுக்கப்பட்டு, உண்மையான முகவரிக்காரருக்கு வந்து விழுகிறது. கணக்கு திருடப்பட்டதா என்று கடவுச்சொல்லை மாற்றிப் பார்ப்பது சரியே. ஆனால் இதைத் தடுப்பது டிமார்க். எடுத்த எடுப்பில் ‘நிராகரி’ என்று எழுதக் கூடாது. முதலில் ‘ஒன்றும் செய்யாதே, அறிக்கை மட்டும் அனுப்பு’ என்ற நிலையில் வைத்து, தன் பெயரில் எங்கெங்கிருந்து கடிதம் புறப்படுகிறது என்று சில வாரம் அறிக்கைகளைப் பார்க்க வேண்டும். மறந்துபோன பில் மென்பொருள் அப்போதுதான் தலைகாட்டும். எல்லாம் சீரான பிறகு, ஸ்பேம் பெட்டிக்கு அனுப்பச் சொல்லி, அதன் பிறகு நிராகரிக்கச் சொல்லலாம்.

பதிவைத் திருத்திவிட்டு உடனே சோதித்து, ‘இன்னும் சரியாகவில்லை’ என்று மறுபடி திருத்துவது குழப்பத்தைப் பெருக்கும். ஒவ்வொரு பதிவுக்கும் டிடிஎல் என்ற ஆயுள் உண்டு. 3600 என்று இருந்தால் மற்ற சர்வர்கள் பழைய பதிலை ஒரு மணி நேரம் வரை வைத்திருக்கும். 86400 என்றால் முழு நாள். ‘அப்படி ஒரு பதிவு இல்லை’ என்ற பதிலும் இதே போல் சேமிக்கப்படும். ஹோஸ்டிங் மாற்றத் திட்டமிட்டவர் முதல் நாளே டிடிஎல்லை 300க்குக் குறைத்துவிட்டால் மாற்றம் சில நிமிடங்களில் பரவும்.

சோதிப்பதற்குப் பெரிய கருவிகள் வேண்டாம். விண்டோஸில் என்எஸ்லுக்கப், லினக்ஸில் டிக் ஆகிய கட்டளைகளே போதும். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பதை விட, வெளியே கேட்டால் என்ன பதில் வருகிறது என்பதே கணக்கு. ஒரு ஜிமெயில் கணக்குக்குக் கடிதம் அனுப்பி, அங்கே ‘ஷோ ஒரிஜினல்’ என்பதைத் திறந்தால், எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் தேறினவா என்று மேலேயே தெரியும். பில் மென்பொருள், வெப்சைட் படிவம், மொத்த மெயில் சேவை என்று கடிதம் புறப்படும் ஒவ்வோர் இடத்திலிருந்தும் தனித்தனியே இப்படி ஒரு முறை அனுப்பிப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு சரிபார்த்தாலும், டொமைன் என்ற அடித்தளம் போனால் எல்லாம் போகும். 1999 கிறிஸ்துமஸ் வேளையில் ஹாட்மெயிலுக்குள் பலரால் நுழைய முடியவில்லை. உள்நுழைவுக்குப் பயன்பட்ட பாஸ்போர்ட்.காம் என்ற டொமைனைப் புதுப்பிக்க மைக்ரோசாஃப்ட் மறந்திருந்தது. மைக்கேல் சேனி என்ற லினக்ஸ் நிரலர் தன் பணத்தில் 35 டாலர் கட்டியதும் வழி திறந்தது. உலகின் ஆகப் பெரிய மென்பொருள் நிறுவனத்துக்கே நேர்ந்தது காஞ்சிபுரத்துக் கடைக்கு நேராது என்று சொல்ல முடியாது. .காம் டொமைன் காலாவதியானால் பதிவு நிறுவனம் பெயர் சர்வர்களைத் தன் விளம்பரப் பக்கத்துக்குத் திருப்பிவிடும். அந்தக் கணமே எஸ்பிஎஃப்பும் டிகிம்மும் மறைந்து, அனுப்பும் கடிதங்கள் திரும்பத் தொடங்கும். புதுப்பிக்கும் சலுகைக் காலமும், அதன் பின் 30 நாள் மீட்புக் காலமும் கடந்தால் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். வாங்கியவருக்குக் கடைக்கு வரும் கடிதங்களும் வங்கிக் கணக்கின் கடவுச்சொல் மாற்றும் மெயில்களும் போய்ச் சேரும்.

ஜோஹோ முடங்கிய 2018 நிகழ்ச்சியில் சொந்த டொமைன் வைத்திருந்த வாடிக்கையாளர்களும் மாட்டிக்கொண்டதற்குக் காரணம் இதே அடித்தளம்தான். அவர்களின் எம்எக்ஸ் பதிவு ஜோஹோ.காமின் கீழுள்ள சர்வரைக் காட்டியது. எஸ்பிஎஃப்பும் அதே பெயரைத்தான் இன்க்ளூட் செய்திருந்தது. தாய்ப் பெயர் முடங்கியதும் இரண்டுக்கும் பொருளில்லாமல் போயிற்று. இனி பிறர் கையில் தங்கள் பெயரை விடுவதில்லை, தாங்களே டொமைன் பதிவு நிறுவனமாவோம் என்று வேம்பு அப்போது அறிவித்தார். சிறு வியாபாரியால் அந்த அளவுக்குப் போக முடியாது. ஆனால் தன் பெயரின் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொள்ள முடியும்.

இங்கேதான் நம் ஊர்களின் நடைமுறை மாற வேண்டும். வெப்சைட் செய்து தரும் பலர், டொமைனைத் தங்கள் கணக்கிலேயே, தங்கள் ஜிமெயில் முகவரியிலேயே வாங்கிவிடுகிறார்கள். அதில் கெட்ட எண்ணம் இருப்பதில்லை, வேலை சுலபமாக முடிகிறது என்பதுதான். ஆனால் அவர் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டால், ஒரு டிஎக்ஸ்டி வரியைச் சேர்க்கக்கூடக் கடைக்காரருக்கு வழியில்லை. திரும்பும் மெயிலுக்கான மருந்து என்னவென்று தெரிந்தும் போட முடியாத நிலை இது. காஞ்சிபுரம் பட்டு என்ற பெயரைப் புவிசார் குறியீடு வாங்கிக் காத்துக்கொண்ட ஊரில், அந்தப் பட்டை விற்கும் கடையின் இணையப் பெயர் வேறொருவர் கணக்கில் கிடப்பது தகாது.

வெப்சைட் செய்து தருபவர்கள் டொமைனை வாடிக்கையாளர் பெயரில், அவர் கைபேசி எண்ணோடு பதிவு செய்து, எம்எக்ஸ், எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் பதிவுகளை ஒரு தாளில் எழுதித் தமிழில் விளக்கிக் கையில் கொடுக்க வேண்டும். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும் வணிகர் சங்கங்களும் உறுப்பினர்களுக்கு இதை ஒரு நாள் பயிற்சியாக நடத்தலாம். கடைக்காரர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. டொமைன் யார் கணக்கில் இருக்கிறது, எந்தத் தேதியில் காலாவதியாகிறது, டிஎன்எஸ்ஸைத் திருத்தும் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்ற மூன்று கேள்விகளையும் வெப்சைட் செய்து கொடுத்தவரிடம் இந்த வாரமே கேட்டு, பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.